மருந்து சேராத கரைசல்

ஜனவரி 9

டைரி ஒன்பதாம் தேதிதான் கைக்கு வந்தது. இவர் அதை அலுவலகத்தில் யாருக்கோ கொடுத்து, அவர் தன்னிடம் ஏற்கெனவே மூன்று இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்து, கடைசியில் எனக்கு. எட்டு நாள் எழுதாததால் ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை.

ஏப்ரல் 30க்கு இன்னும் நூற்றுப் பதினோரு நாள். அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் ஆறு வருடப் பதிவு ரத்து. இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாயிற்று, மூன்றாவது கிடையாது. ஆய்வேட்டைக் கொடுத்து முடிக்காதவர்களுக்கு ஜூன் முதல் வகுப்பு இல்லையென்று கல்லூரியும் சுற்றறிக்கை விட்டுவிட்டது. நாற்பத்திரண்டு வயதில் வேறு எங்கே போய் வேதியியல் நடத்துவது?

பொங்கலுக்கு வரப்போகும் மதினி போனிலேயே கேட்டுவிட்டாள், "அப்படி என்னதாம்ளா ஆராய்ச்சி பண்ணுத?" வலி மாத்திரையும் சோப்பும் தண்ணீரில் சந்தித்தால் என்ன ஆகும் என்று பார்க்கிறேன் என்றேன். சிரித்தாள். எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் விஷயம் அவ்வளவுதான். சோப்பு மாதிரிப் பொருளைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் முதலில் தனித்தனியாகத் திரியும். ஓர் அளவு வந்ததும் வாலை உள்ளே மடக்கிக்கொண்டு சின்னச் சின்ன உருண்டைகளாகச் சேர்ந்துவிடும். மைசெல் என்று பெயர். மின்கடத்துத்திறனை அளந்துகொண்டே போனால் அந்த இடத்தில் கோடு சட்டென்று சாயும். டைக்ளோஃபினாக் மாதிரி வீக்கம் வற்றச் செய்யும் மருந்து கூட இருந்தால், அந்த இடம் முன்னாலேயே வந்துவிடும். தண்ணீரில் நிற்கப் பிடிக்காத மருந்து உருண்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. எவ்வளவு முன்னால் என்பதற்குத்தான் ஆறு வருடம்.

ஜனவரி 19

பொங்கல் முடிந்து முதல் நாள் லேப். மருந்து சேராத வெறும் கரைசலைத்தான் முதலில் பார்ப்பது வழக்கம். அதோடு ஒப்பிட்டுத்தானே மற்றதெல்லாம். சோப்பு மாதிரிப் பொருளாக நான் எடுத்திருப்பது சிடிஏபி என்ற வெள்ளைத் தூள். அது உருண்டை சேரும் இடம் லிட்டருக்கு 0.92 மில்லிமோல். நான்கு வருடத்துக்கு முன் நானே அளந்தது, உலகமே அளந்தது.

இன்று 0.84 வந்தது. மறுபடி செய்தேன், 0.79. மறுபடி, 0.87.

மச்சாடோ சார் தாளைத் தூரப்பிடித்துப் பார்த்தார். என் வழிகாட்டி. எதற்கும் பதறாத மனிதர். "ஏம்மா செண்பகம், இது கிணத்துல போட்ட கல்லா, நாளுக்கொரு ஆழம் காட்டுறதுக்கு? போன ஜூலைக்கு அப்புறம் எடுத்த எல்லாமே இப்படித்தான் ஆடுது. வெறும் கரைசலே சரியா வராம மருந்தப் பத்தி நாம என்ன பேச முடியும்?"

"பாத்திடுறேன் சார்."

"பாரு. நாலாம் அத்தியாயம் முச்சூடும் இதுலதான் நிக்கி."

விரல்களில் கொஞ்சம் குளிர்ச்சி. மார்கழிப் பனி இன்னும் போகவில்லை போலிருக்கிறது.

ஜனவரி 24

தூளின் மேல் சந்தேகம். சூடான ஆல்கஹாலில் கரைத்து, குளிரவைத்து, மறுபடி படிகமாக்கினேன். மூன்று நாள் வேலை. பளபளவென்று வந்திருக்கிறது.

0.82.

ஜனவரி 30

தண்ணீரின் மேல் சந்தேகம். பக்கத்துக் கல்லூரியிலிருந்து காய்ச்சி வடித்த தண்ணீர் இரண்டு கேன் வாங்கி வந்தோம். இவர்தான் பைக்கில் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக வைத்துக் கொண்டுவந்தார். வீட்டு வாசலில் ஒரு கேனை என்னிடம் நீட்டினார். நான் கொலுசு கழன்றுவிட்டதென்று குனிந்துகொண்டேன். அவரே உள்ளே வைத்தார்.

"கை வலிக்கா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லங்க. நேத்து தோசைக்கு மாவு கையால கலக்குனேன், அதான்."

மாவு கலக்கியது போன வியாழன்.

0.85.

பிப்ரவரி 3

காலையில் ஜாக்கெட் ஊக்கு மாட்ட இருபது நிமிடம். பஸ்ஸைத் தவறவிட்டேன். வேலைக்குப் போகிற பெண்ணுக்கு உடுத்த நேரம் ஆகத்தானே செய்யும், நைட்டியோடா பாடம் நடத்துகிறோம். ஏழு ஐம்பது போய், எட்டு இருபதில் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கைப்பையிலிருந்து ஜெல்லை எடுத்து விரல் மூட்டுகளில் தடவிக்கொண்டேன். ஹார்பர் தாண்டுவதற்குள் இதமாகிவிட்டது. லேபில் முதல் வேலை வழக்கம்போல வெறும் கரைசல்.

0.78. இதுவரை வந்ததிலேயே மோசம்.

பிப்ரவரி 8

இன்று நடந்ததை எழுதத்தான் வேண்டும்.

மதியம் கழுவுதொட்டிப் பக்கம் போனேன். ஜெபமாலை அக்கா, எங்கள் லேப் உதவியாளர், கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். தொட்டி நிறைய நுரை. சோப்புத்தூள்! சோப்பை ஆராய்ச்சி செய்கிற இடத்தில் சோப்புத்தூள். எனக்கு அந்த நிமிடமே எல்லாம் விளங்கிவிட்டது. குடுவையில் துளி சோப்பு ஒட்டியிருந்தாலும் போதும், உருண்டை முன்னாலேயே சேர்ந்துவிடும்.

இரண்டாமாண்டு மாணவிகள் நாற்பது பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். கத்திவிட்டேன். "இருபது வருஷமா லேப்ல இருக்கீங்க, இது கூடவா தெரியாது? என் ஏழு மாச வேலை இந்தத் தொட்டியில போயிருக்கு. என் வாழ்க்கையில வெளையாடுறீங்களா?"

ஜெபமாலை அக்கா கையைத் துடைத்துக்கொண்டார். "சோப்பு போடுதது நெசந்தான் டீச்சர். ஏழு தண்ணி விட்டு அலசுவேன். கடைசித் தண்ணி காய்ச்சி வடிச்சது. மச்சாடோ சார் சொல்லிக் குடுத்த மாதிரிதான் செய்யுதேன்."

"ஏழுன்னு யாரு எண்ணுனா?"

குழாயை மூடிவிட்டுப் போனார். முதல்வரிடம் வாய்மொழியாகப் புகார் சொன்னேன். நாளையிலிருந்து அவருக்கு நூலகத்தில் வேலை.

நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதிவைக்கிறேன்.

பிப்ரவரி 15

குடுவைகளை இப்போது நானே கழுவுகிறேன், ஒரு பொட்டு சோப்பில்லாமல். குளிர்ந்த தண்ணீரில் நிற்பது அவ்வளவு சுகமில்லை. மதியமும் ஒருமுறை ஜெல்.

0.80.

பழைய சோப்பு கண்ணாடியில் ஊறிப்போயிருக்கும்.

பிப்ரவரி 21

இன்னும் அறுபத்தெட்டு நாள். மச்சாடோ சார் லேபுக்கு வந்து நான் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றார். குடுவையில் தூளைப் போட்டு, கோடு வரை தண்ணீர் ஊற்றி, வாயைக் கட்டை விரலால் பொத்திக்கொண்டு, மெதுவாகத் தலைகீழாகவும் நேராகவும் திருப்பினேன். வேகமாகக் குலுக்கினால் நுரைத்துவிடும். இருபது தடவையாவது திருப்ப வேண்டும்.

எங்கள் லேபில் குடுவைக்கு மூடி கிடையாது. வாங்கும்போது இருக்கும். ஒரு செமஸ்டரில் பாதி உடையும், பாதி மாறிப்போய் எதற்கும் பொருந்தாது. அதனால் எல்லோருக்கும் கட்டை விரல்தான் மூடி. நான் சேர்ந்த முதல் வாரம் சாரே சொன்னார், "கட்டை விரல்தாம்மா நல்ல மூடி. தொலையாது, புதுசு கேட்டு இன்டென்ட் போட வேண்டாம்." அவருக்கு அவருடைய சார் சொன்னாராம்.

போகும்போது, "இவ்வளவு மெதுவாவா திருப்புவ? முன்னாடி வேகமா செய்வியே," என்றார்.

நுரைக்கும் சார் என்றேன். உண்மைதான், நுரைக்கும்.

பிப்ரவரி 27

சோப்புத்தூள்தான் காரணம் என்று எழுத்தில் காட்ட ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். சோப்புத்தூளில் உள்ள பொருள் புற ஊதா ஒளியை 224 நானோமீட்டரில் விழுங்கும். என் சிடிஏபி அந்தப் பக்கமே எட்டிப்பார்க்காது. பிப்ரவரி 3ஆம் தேதிக் கரைசல், அதுதான் ஜெபமாலை அக்கா கழுவிய குடுவையில் செய்தது, மிச்சம் இருக்கிறது. அதைக் கருவியில் வைத்து 224இல் ஒரு மேடு காட்டிவிட்டால் போதும். இயற்பியல் துறைக் கருவி வியாழனன்று கிடைக்கும்.

மார்ச் 2

224இல் ஒன்றுமில்லை. தரை மாதிரி இருந்தது.

276ஐ ஒட்டி ஒரு மேடு.

276 எனக்கு வீட்டுக் கதவு எண் மாதிரி. ஆறு வருடமாக அந்த எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். டைக்ளோஃபினாக். மருந்தே சேராத கரைசலில் மருந்து.

குப்பியை மாற்றி வைத்தேன். அதே மேடு. பிப்ரவரி 15ஆம் தேதிக் கரைசலை வைத்தேன், நானே கழுவிய குடுவையில் செய்ததை. மேடு இன்னும் உயரம். பிப்பெட்டிலிருந்து வந்திருக்குமோ என்றால், வெறும் கரைசலுக்குப் பிப்பெட்டே கிடையாது. தூள், தண்ணீர், நான். மூன்றே பேர்.

நெற்றியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூக்குக்குப் பக்கத்தில் கட்டை விரல் இருந்தது. ஜெல் வாசனை.

மார்ச் 3

ஜெல்லில் இருப்பதும் அதே டைக்ளோஃபினாக்தான். நான்கு குடுவை. ஒன்று, ஜெல் தடவிய என் கட்டை விரல். இரண்டு, ஜெல் தடவி சோப்பில்லாமல் தண்ணீரில் கழுவிய கட்டை விரல். மூன்று, ஒன்றும் தடவாத என் இடது கட்டை விரல். நான்கு, பி.ஜி. லேபில் கெஞ்சி வாங்கிய மூடி.

முதல் இரண்டிலும் மேடு. மற்ற இரண்டும் சுத்தம். நான்காவது குடுவையின் அளவு 0.92.

வேறு ஏதாவது ஆராய்ச்சியாக இருந்தால் தோலில் இருக்கிற மருந்து இவ்வளவு கரைசலுக்குள் இறங்கியிருக்காது. தண்ணீருக்கு அது வராது. சோப்பு மாதிரிப் பொருள்தான் அதை வழித்து எடுத்துத் தன் உருண்டைக்குள் வைத்துக்கொள்ளும். என் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில் நானே அப்படித்தான் எழுதியிருக்கிறேன். இதைவிட அழகாக யாரும் என் ஆய்வை நிரூபித்துக் காட்ட முடியாது. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கழிவறையில் போய் இரண்டையும் முடித்துவிட்டு வந்தேன்.

மார்ச் 4

எழுதவில்லை.

மார்ச் 6

சாரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எப்பேர்ந்து தடவுற?"

"சரியா ஞாபகம் இல்ல சார்."

"ஞாபகப்படுத்தணும்மா. அன்னைலருந்து எடுத்த அவ்வளவும் குப்பைக்குப் போவணும். எது நல்லது, எது கெட்டதுன்னு பிரிக்கணும்லா. பத்திரிகைக்கு அனுப்புன கட்டுரையிலயும் இது இருக்கு."

வீட்டுக்கு வந்து போன வருட டைரியை எடுத்தேன். ஜெல் என்ற சொல்லே இல்லை. மழை, பரீட்சைத் தாள், மதினி மகளுக்குச் சீர், எல்லாம் இருக்கிறது. இது இல்லை. ஜூலை 14இல் "கையில் ஏதோ குளிர்ச்சி" என்று ஒரு வரி. ஜூலையில் தூத்துக்குடியில் என்ன குளிர்ச்சி! யாரும் படிக்காத டைரியில்கூடப் பொய் எழுதியிருக்கிறேன்.

அம்மாவுக்கும் விரலில்தான் தொடங்கியது. காலையில் ஒரு மணி நேரம் கை மடங்காது. பிறகு விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. கடைசி நான்கு வருடம் நான்தான் ஊட்டிவிட்டேன். முடக்குவாதம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு அம்மா, "பேரைச் சொல்லாம இருந்திருக்கலாம்," என்றாள். நானும் எட்டு மாதமாக அந்தப் பெயரைச் சொல்லாமல் இருந்து பார்த்தேன்.

இவரிடம் சொன்னேன். கோபப்படவில்லை. "எனக்குத் தெரியாமலா? கேன தூக்கலன்னு அன்னைக்கே தெரியும். நீயா சொல்லுவன்னு இருந்தேன்," என்றார். அதுதான் அதிகம் வருத்தியது.

மார்ச் 7

ஜூலை 14 என்று சாரிடம் எழுதிக் கொடுத்தேன். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகப் பத்திரிகைக்கு மின்னஞ்சல் எழுதி, அனுப்புவதற்கு முன் என்னைப் படிக்கச் சொன்னார். அவர் பெயரும் அதில் இருக்கிறது. முப்பது வருடத்தில் ஒரு கட்டுரையையும் திரும்பப் பெறாதவர்.

"மன்னிச்சிடுங்க சார்."

"என்னத்த மன்னிக்க? கட்டை விரல வைன்னு சொன்னது நான்தான. இருபத்திநாலு ரன் மறுபடி அளந்து எடுக்கணும். ஏப்ரல் பத்துக்குள்ள முடியுமா, அதச் சொல்லு."

முடியும் என்றேன்.

மார்ச் 10

முடியாது. ஜெல் இல்லாமல் காலையில் குடுவையைப் பிடிக்கவே முடியவில்லை. கையுறை மாட்டலாம் என்றால், இருக்கிற அளவு வீங்கிய மூட்டைத் தாண்டி ஏறமாட்டேன் என்கிறது. பெரிய அளவு வாங்கி மாட்டினேன், குடுவை வழுக்கிவிட்டது. உடைந்தது ஒன்று. நான்கு நாளில் முடிந்தது இரண்டே ரன்.

மருந்து தடவினால் மூடி போட்டாலும் அதைத் தொடுகிற கையால் ஆய்வு கெடும். தடவாவிட்டால் ஆய்வே நடக்காது.

மார்ச் 13

நூலகத்துக்குப் போனேன். ஜெபமாலை அக்கா பழைய நாளிதழ்களை அடுக்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். குடுவை, ஜெல், 276. தப்பு என்னுடையது, மன்னித்துக்கொள்ளுங்கள், லேபுக்குத் திரும்பி வாருங்கள் என்றேன்.

"உங்க கையில அந்த மருந்து வாசம் வாரது எனக்குத் தெரியும் டீச்சர். போன ஆடி மாசமே கேட்டேன்லா, கை வலிக்கான்னு. இல்லன்னு சொல்லிட்டிய. அதுக்கு மேல நான் என்ன கேக்க?"

எனக்கு அவர் கேட்டதே நினைவில்லை.

"வாறேன். எங்க இருந்தாலும் வேலதான்," என்றார். நாளிதழ்க் கட்டைச் சணல் போட்டுக் கட்டி முடித்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: "ஆனா ஒண்ணு டீச்சர். ஏசுனது நாப்பது பிள்ளைய முன்னால. மன்னிப்பு மட்டும் தனியா வந்து கேக்கிய."

அங்கிருந்து நேரே முதல்வரிடம் போய் அவரை லேபுக்குத் திரும்பக் கேட்டேன். காரணமும் சொன்னேன். அவர் வேறு ஏதோ கோப்பைப் பார்த்துக்கொண்டே சரி என்றார்.

மார்ச் 20

ஜெபமாலை அக்கா குடுவையைத் திருப்புகிறார், நான் மீட்டரைப் படிக்கிறேன். மூடிகள் வந்துவிட்டன, சார் சொந்தமாக வாங்கிக் கொடுத்தார். அக்கா கை பதமான கை. இருபது தடவை திருப்பினாலும் ஒரு நுரை வராது. "இதுக்கா டாக்டர் பட்டம்?" என்று கேட்டார். இதற்குத்தான் என்றேன்.

0.92. 0.91. 0.92.

அக்காவே ஒருமுறை டைக்ளோஃபினாக் கரைசலையும் சிடிஏபி கரைசலையும் கலந்து பார்த்தார். சம அளவில் சேர்ந்ததும் பால் மாதிரி திரண்டது. இன்னும் கொஞ்சம் சிடிஏபி விட்டதும் தெளிந்துவிட்டது. "அட, எங்க போச்சு?" என்றார். உள்ளேதான் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது என்றேன்.

மார்ச் 25

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. அம்மாவுக்கு வந்ததேதான். மூட்டு மருத்துவர் இளம்பெண், நிதானமாகப் பேசினார். இப்போது நல்ல மருந்து இருக்கிறது, விரல் சாயாமல் பிடித்துவிடலாம், எட்டு மாதம் முன்னால் வந்திருந்தால் இன்னும் சுலபம் என்றார். ஜெல் வலியைத்தான் குறைக்கும், நோயைத் தொடாதாம். அது எனக்கே தெரியும். வகுப்பில் நடத்துகிறேன்.

வாரம் ஒருமுறை மாத்திரை.

ஏப்ரல் 9

இருபத்திநாலும் முடிந்தது. கோடுகள் எல்லாம் சாய வேண்டிய இடத்தில் சாய்கின்றன. அக்கா வீட்டிலிருந்து மக்ரூன் கொண்டுவந்தார், ஈஸ்டராம்.

ஏப்ரல் 21

நாலாம் அத்தியாயத்தில் ஒரு பத்தி சேர்த்தேன். ஜூலை 14 முதல் மார்ச் 3 வரையிலான அளவீடுகள், ஆய்வாளர் கையில் தடவியிருந்த வலி நிவாரண ஜெல் கலந்ததால் நீக்கப்பட்டன, அவை உதவியாளர் ஜெபமாலையின் கையால் மறுபடி தயாரித்த கரைசல்களில் எடுக்கப்பட்டன என்று.

சார் பென்சிலால் சுழித்தார். "இது எதுக்கும்மா? புதுசா எடுத்ததுதான உள்ள இருக்கு. பழசப் பத்தி ஏன் பேசணும்? வைவால கேள்வி கேட்டுப் பிடிச்சுக்கிடுவாங்க."

"இருக்கட்டும் சார்."

"ஒன் கைய யாரும் விசாரிக்கணும்னு இல்லியே."

"இருக்கட்டும் சார்."

ரப்பரை எடுத்துச் சுழியை அழித்தார்.

ஏப்ரல் 28

கொடுத்துவிட்டேன். ஐந்து பிரதி, நீல அட்டை. பல்கலைக்கழகத்தில் இவர்தான் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார், இந்த முறை கொலுசு என்று குனியாமல், தூக்குங்கள் என்று நானே சொன்னேன்.

செப்டம்பர் 14

வைவா. கருத்தரங்கு அறை நிறைந்திருந்தது. பிப்ரவரியில் கழுவுதொட்டிப் பக்கம் நின்ற மாணவிகள் இப்போது மூன்றாமாண்டு, அவர்களும் வந்திருந்தார்கள். இவர் இரண்டாவது வரிசையில். ஜெபமாலை அக்கா பின்னால் டீத் தட்டோடு. வெளித்தேர்வாளர் கோயம்புத்தூர்க்காரர். ஒரு மணி நேரம் நிறுத்தி நிறுத்திக் கேட்டார். பதில் சொன்னேன்.

கடைசியில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்கு, ஜெல் பத்திக்கு வந்தார். "இந்தப் பத்தியை எழுதாமயே விட்டிருக்கலாமுங்களே. எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காதுங்க. எதுக்காக எழுதுனீங்க?"

மச்சாடோ சார் மேசையைப் பார்த்துக்கொண்டார்.

"என் கையில இருந்த மருந்து கலந்ததுக்கு, குடுவை கழுவுறவங்க மேல பழி போட்டேன் சார். ஜெபமாலை அக்கா மேல. இந்தப் பிள்ளைங்க முன்னாடிதான் அவங்களப் பாத்துக் கத்துனேன். அவங்க கழுவுன குடுவையில ஒரு துளி சோப்பு இல்ல. நான்தான் பொய் சொன்னேன், கையில ஒண்ணுமில்லன்னு. அதான் எழுதினேன்."

மாணவிகள் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தார்கள். அக்கா தட்டைக் கீழே வைத்தார், மறுபடி எடுத்தார், முதல் வரிசைக்கு வந்து தேர்வாளரிடம் நீட்டினார். கண்ணாடி டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. "சீனி போடாதது இந்தப் பக்கம் இருக்கு சார்," என்றார்.

தேர்வாளர் ஒன்றை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "இப்ப கை எப்படீங்க இருக்குது?"

பரவாயில்லை என்று வாய் வரை வந்தது.

"வலிக்குது சார்," என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.